லேட் நோட்டில் அழிந்த பெயர்

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளி. பிளஸ் டூ மாணவனை யாரோ மாடியிலிருந்து தள்ளிக் கொன்றிருந்தார்கள். அழிந்துபோன கேமராப் பதிவை மீட்கப் போலீஸார் என்னை அழைத்திருந்தார்கள்.

பள்ளியின் கேமரா அறையைத் திறந்துவிட்டவள் அவனுடைய வகுப்புத் தலைவி. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, காதோரம் பென்சில், கையைவிட்டு இறங்காத ஒரு நோட்டு. ஸ்பெஷல் கிளாசுக்குத் தாமதமாக வருபவர்களை அதில் எழுதுவாள்.

"அழிச்சத திரும்ப எடுத்துருவீங்களாக்கா?"

"எடுத்துருவேன்" என்றேன், ஹார்டு டிஸ்கைத் தொடும் முன்பே.

நோட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். "அவன் விழுந்த அன்னைக்கு லேட்டா வந்தவ பேர அழிச்சிட்டேன்க்கா. என் ஃப்ரெண்டு. காட்டிக்குடுத்துறாதடின்னு அழுதா."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றியா?"

"எப்படியும் நீங்க எடுத்துருவீங்க. நானே சொல்லிர்றேன்."

சொன்னாள். தள்ளியது தான்தான் என்று தோழியும் ஒப்புக்கொண்டாள்.

டிஸ்கில் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. முடியாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த வகுப்புத் தலைவி என்ன செய்திருப்பாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.