குறட்டை நின்ற நேரம்

என் வீட்டுக்காரருக்கு வில்லியனூரில் உரக்கடை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால், குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். தூக்கத்திலேயே பல்லை வேறு நறநறவென்று கடிப்பார். வயிற்றில் பூச்சி என்று நானே முடிவு கட்டி, ஐம்பது வயது மனிதருக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைவாய்ப் பல் உடைந்துபோகவே பல் டாக்டரம்மாவிடம் போனோம். தேய்ந்த பற்களையும் தொண்டையையும் உற்றுப் பார்த்தவர், என் பக்கம் திரும்பினார்.

"தூங்கும்போது குறட்டை நடுநடுவுல நின்னு போவுதாம்மா?"

"நிக்கும் டாக்டர். அப்பதான் எனக்கு நிம்மதியே."

"அப்ப நிக்கிறது குறட்டை இல்லம்மா, மூச்சு."

ஒரு மத்தியானத்துக்கு எத்தனை தடவை நிற்கும் என்று நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இவரோ, "பல்லு காட்ட வந்தா தூக்கத்தப் பத்தி இன்னாத்துக்குக் கேக்குறீங்க?" என்று எகிறினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். பிறகு டாக்டரம்மாவே, தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்கக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஒரு கிளிப் செய்து கொடுத்தார். அது டப்பாவிலேயே தூங்குகிறது. மாட்டச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.

"எங்க அப்பாவுந்தான் குறட்டை வுட்டாரு. இன்னா ஆச்சு? தூங்கிகினே போய்ச் சேந்தாரு. கொடுத்துவச்ச சாவுடி!"

மாமனார் போனபோது ஊரே அப்படித்தான் சொன்னது. நானும்தான் சொன்னேன்.

இப்போது இவர் கண்ணயர்ந்தால், நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். குறட்டை கேட்டால் திட்டுகிறேன். நின்றால், கரண்டியும் கையுமாக ஓடுகிறேன்.