அண்ணனுக்காக முகர்ந்த எண்ணெய்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. உறவினர்களும் நண்பர்களும் படிக்க அவரைப் பற்றி நான்கு வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணி. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா தென்காசியிலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வெலிங்டன் தீவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார் அண்ணன். தானாகவே கியர் மாறும் பழைய வெளிநாட்டுக் கார்கள் அங்கேதான் அவருக்குப் பழக்கமாயின. கிளட்ச் மிதி இல்லாத வண்டி என்றாலே மற்ற மெக்கானிக்குகள் பெரிய கும்பிடு போட்டு ஒதுங்குவார்கள். அண்ணன் முதலில் கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பார்ப்பார். கருகிய வாசனை அடித்தால் உள்ளே தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். கியர்பாக்ஸை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் மாற்றி, சூடு தணியத் தனியாக ஒரு கூலர் பொருத்தி அனுப்பிவிடுவார். அந்த மூக்கு தவறியதே இல்லை. தெருவில் வரும்போதே அண்ணியின் குழம்பு அடிப்பிடித்ததைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த மூக்கு ஒரு நாள் போயிற்று. பால் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேலி செய்தோம். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோயில் சிலருக்கு மூக்குதான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னபோது, அன்று சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் ஜூ டவுன் என்ற யூதர் தெருவில் ஒரு கிடங்கில் சுக்கும் மிளகும் தரம் பிரிப்பவள். மூக்குதான் என் பிழைப்பு. அதனால் வேலை முடிந்து நான் பட்டறைக்குப் போகும்போது அண்ணன் எண்ணெய்க் கம்பியை என்னிடம் நீட்ட ஆரம்பித்தார். வெளியே ஒருவருக்கும் இது தெரியாது.

"கரிஞ்ச மணம் உண்டா மோளே?" என்று, தங்கையை மகளே என அழைத்து, பாதி மலையாளத்தில் குரலைத் தணித்துக் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

கடைசியாக வந்தது இடப்பள்ளிக்காரர் ஒருவரின் கார். அவருக்கு அதை விற்றவர், விற்கும் முன் புது எண்ணெய் ஊற்றியிருந்தார். பார்வைக்கு நல்ல சிவப்பு. முகர்ந்தேன். உள்ளே தங்கிவிட்ட பழைய எண்ணெயின் கருகல் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாரம்தான் அண்ணன் பட்டறையில் இரண்டு முறை விழுந்திருந்தார். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று தெரிந்தால் வேறு யாரையும் தொட விடமாட்டார், தானே வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

"இல்லண்ணா, ஒண்ணுமில்ல" என்றேன்.

எண்ணெய் புதிதுதானே என்று அதைத் தொடாமல், கூலரை மட்டும் பொருத்திக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் கார் வெலிங்டன் தீவுப் பாலத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. அண்ணனோடு நானும் ஆட்டோவில் போனேன். கார்க்காரர் வாய் திறக்கும் முன்பே தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டு அண்ணன் சொன்னார்: "தெற்று என்ட பக்கம்தான் சாரே. நான் சரிக்கு நோக்கல."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வண்டி வேறு பட்டறைக்குப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் எந்த வண்டியையும் வேலைக்கு எடுக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அது நமக்கு எப்படித் தப்பிப் போச்சு மோளே?" என்று அவரே கேட்பார். அந்த 'நமக்கு' என் வாயை அடைத்துவிடும். படுக்கையில் விழுந்து பேச்சும் குழறிய பிறகு, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை.

அண்ணிக்குத் துணை நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், முகம் சுளிக்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த இடப்பள்ளிக்காரருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அண்ணனை எடுத்த அன்று பூமாலையோடு வந்தவர், "மனுஷனல்லே, ஒரு தெற்று பற்றிப்போயி, சாரமில்ல" என்று அண்ணனின் தவறை மன்னித்து எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது அவரைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: அந்த எண்ணெய் கருகித்தான் இருந்தது. கருகல் இல்லை என்று அண்ணனிடம் சொன்னவள் நான்.