சிவப்பிக்குச் சோறு வைத்த உறவுகளுக்கு

நீர்வேலியில் வாழைத்தோட்டக் குடும்பமொன்றில் மூத்த மகனாய்ப் பிறந்து, உரும்பிராயில் அம்மாவைக் கைப்பிடித்து, இடப்பெயர்வில் வீடு, மாடு எல்லாவற்றையும் விட்டுப்போய், திரும்பிவந்து ஒரேயொரு கன்றோடு மறுபடி தொடங்கி, பால் விற்று என்னைக் கம்பஸ் வரை படிப்பித்த எங்கள் அப்பா இறையடி சேர்ந்து இன்று முப்பத்தோராம் நாள்.

"நினைவுமலரிலை நல்லதை மட்டும் எழுது பிள்ளை" என்று அம்மாவின் அண்ணராகிய பெரியமாமா சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். அப்பாவின் ஆகப்பெரிய நற்குணம் உங்கள் எல்லோர் வாயிலும் கஞ்சத்தனம் என்று அடிபட்டது.

எந்த விசேஷம் முடிந்தாலும் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைத்துப் புண்ணியம் தேடுவது நம் ஊர்ப் பழக்கம். அப்பா மட்டும் வாசல் படலையிலேயே மறிப்பார். பெரியமாமா தன் மகளின் கலியாணச் சோற்றைக் கிடாரத்தோடு கொண்டுவந்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், வாயில்லாச் சீவனுக்கு ஒருநாள் நல்ல சாப்பாடு குடுத்தால் உமக்கென்ன குறையும்?"

"ஓம், நான் கஞ்சன்தான். கிடாரத்தைத் திருப்புங்கோ."

அதன்பிறகு பெரியமாமா எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை. அப்பா கவலைப்படவுமில்லை. கிழித்த பனையோலை, வைக்கல், கொஞ்சம் கிளிசறியா இலை, இவைதான் அவர் மாடுகளின் சாப்பாடு. புதிதாக எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு பிடி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவார். ஏன் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

மாடு புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிறு, புளிக்கவைக்கும் பெரிய பானை. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள். நாருள்ள தீன் போட்டால் நாரை உடைக்கிறவை பெருகும், மெதுவாகப் புளிக்கும், அந்தப் புளிப்பிலிருந்துதான் மாட்டுக்குச் சத்து. இலைதழையிலுள்ள புரதம் அவற்றை வளர்க்கும்; வளர்ந்தவையே பிறகு மாட்டுக்குப் புரதமாகும். நார் இருந்தால் மாடு அசைபோடும், உமிழ்நீர் சுரக்கும், புளிப்பு அளவோடு நிற்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு! இதற்குள் கிடாரம் கிடாரமாகச் சோற்றைக் கொட்டினால்? மாப்பொருளைத் தின்கிறவை ஒரேயடியாய்ப் பெருகி அமிலத்தைக் கக்கும். நாரை உடைக்கிறவை செத்துப்போகும். வயிறு அசைவதை நிறுத்தும். மாடு விழும்.

அப்பாவின் ஆசைப்பசு சிவப்பி அப்படித்தான் விழுந்தாள். அப்பாவின் எட்டாம்நாள் சடங்கான எட்டுச்செலவன்று நாங்கள் உள்ளே படையலில் நிற்க, பெரியமாமா கொட்டிலுக்குப் போய்ச் சோறும் பாயாசமும் அவளுக்கு வயிறுமுட்ட வைத்தார். மறுநாள் விடிய அவள் எழும்பவில்லை.

"எடி பிள்ளை, சோறு திண்டு மாடு சாகுமோ? அது எசமானைத் தேடுது."

"மாமா, நீங்கள் சோறு வைச்சது மாட்டுக்கில்லை. வயித்துக்குள்ளை இருக்கிற கிருமியளுக்கு."

"கோமாதாவின்ரை வயித்துக்கை கிருமியோ? வாயைக் கழுவு! உதைப் படிக்கவோ கம்பஸுக்குப் போனனீ?"

பின்னேரம் சிவப்பி செத்துப்போனாள். பெரியமாமாவுக்கு நல்ல மனசு, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று தலையாட்டினீர்கள். தெரியாமலா? எத்தனை தரம் படலையில் வைத்தே வேண்டாமென்று சொல்லப்பட்டது! அப்பா இருக்கும்வரை முடியாததை, அவர் இல்லாத வீட்டில் செய்து காட்டியிருக்கிறார். அதற்குப் பெயர் நல்ல மனசு அல்ல.

நன்றிகளும் சொல்ல வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுவதும் மாடுகளுக்கு ஓலை கிழித்துப் போட்ட பக்கத்து வீட்டு அன்ரிக்கு நன்றி. சிவப்பிக்காக ஓடிவந்து, தன்னால் ஆனதெல்லாம் செய்துபார்த்த மிருகவைத்தியருக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், இன்று அடுப்படியில் வேர்த்து நிற்பவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சிவப்பி முன்பு ஈன்ற கன்று வளர்ந்து பசுவாகி, இப்போது சினைப்பட்டிருக்கிறது. அப்பா விட்டுப்போன கடைசி மாடு அது. இதை நீங்கள் வாசித்து முடிக்கும்போது மதியபோசனமும் முடிந்து, கிடாரத்தில் சோறு மிஞ்சியிருக்கும். பின்வளவு வாழையடியில் கிடங்கு வெட்டியிருக்கிறேன், அங்கே கொட்டுங்கள். கொட்டில் வாசலில் நான் நிற்பேன்.

பெரியமாமா, நீங்களும் வரலாம். ஒரு பிடி ஓலையோடு வாருங்கள்.