யோகண்ணையின் காதும் இரண்டு பெட்டிகளும்

கப்பல்துறை ஊரில் இறங்கி யோகலிங்கம் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். எஞ்சினுக்குக் காது வைக்கிற யோகண்ணை என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் அவருக்குப் பக்கத்து வீடு. பதினாறு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தக் காதின் புகழைக் கேட்டுக்கொண்டிருப்பவன்.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரை சேர்க்கும் டக் படகு ஒன்றில், எஞ்சின் அறையிலேயே இருபத்தெட்டு வருடம் இருந்தவர் யோகண்ணை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் வைப்பார். பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். "மூண்டாவது பெயாரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பெயாரிங்தான். காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லிப் படகில் ஒரு கவசமும் கொடுத்திருந்தார்கள். அதை முதல் நாளே ஆணியில் மாட்டிவிட்டார். "காதைப் பொத்தினா எஞ்சின் சொல்லுறதை ஆர் கேக்கிறது?" என்பது அவருடைய கேள்வி. ஓய்வு பெற்ற அன்று அந்தக் கவசத்தை வாங்கின மாதிரியே புத்தம்புதிதாகத் திருப்பிக் கொடுத்ததாகப் பெருமையோடு சொன்னார். எனக்கும் அது பெருமையாகத்தான் பட்டது.

ஓய்வுக்குப் பிறகும் மதிப்புக் குறையவில்லை. கிண்ணியாவிலிருந்து அன்ஸார் போன்ற படகுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மனிசன் காது வைத்துச் சொன்னால் பிழையாகாது. வீடும் வளவும் மனைவி பாக்கியம் அக்காவின் சீதனம், சைக்கிள் மச்சானுடையது. யோகண்ணைக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தக் காதுதான். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட முடியாது.

வேறு சில பெருமைகளும் அந்தக் காதிலிருந்து கிளைத்தவை. தன் வீட்டில் நுளம்பு, கொசு எதுவுமே இல்லை என்பார். "நுளம்பு வந்தா சத்தம் கேக்கும்தானே, தம்பி?" என்பார், முழங்கையைச் சொறிந்தபடி.

போன வருடம் கைத்தொலைபேசியில் எவனோ வெள்ளைக்காரன் வீட்டிலேயே ஆளுயர ஸ்பீக்கர் செய்வதைப் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு டீவியின் தகரச் சத்தத்தைக் கேட்பது அந்தக் காதுக்கே செய்கிற துரோகம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. கொழும்பில் ஒரு கடை, உதிரிகளாக அனுப்பி வைக்கிறது. ஆறு மட்டைப்பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. வெட்டிய பலகைகள், சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், நடுத்தரம் இரண்டு, மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கென்று தேங்காய்ச் சிரட்டையிலும் சிறிதாக இரண்டு டுவீட்டர்கள், வயர்கள், பசை, படம் போட்ட ஒரு புத்தகம். புத்தகத்தை யோகண்ணை மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தார்.

பலகைகளை ஒட்டி இறுக்கக் கிளாம்ப் பன்னிரண்டு வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். அவர் கப்பல் கட்டுகிற நைலோன் கயிற்றைச் சுற்றி, இடையில் தடி கொடுத்து முறுக்கினார். பத்தாயிரம் தொன் கப்பலே அசையாமல் நிற்கிற முடிச்சு, பலகை எம்மாத்திரம்? இரண்டு நாள் விறாந்தையில் அந்தப் பெட்டிகள் கைதிகளைப் போல நின்றன. உள்ளே அடைக்கக் கடைக்காரன் அனுப்பிய பஞ்சு காணாது என்று பாக்கியம் அக்காவின் தலையணையைக் கிழித்தார். அக்கா துவாயை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். மூன்று கிழமையில் நாலரை அடி உயரத்தில் இரண்டு பெட்டிகள் கூடத்தில் ஏறி நின்றன. கதிரைகள் விறாந்தைக்கு வெளியேறின.

உண்மையைச் சொல்லவேண்டும், வேலை அப்பழுக்கில்லாத வேலை. ஒரு மூட்டிலும் நகம் நுழையாது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

முதல் நாள் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டார். தவில் எழும்பியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. யோகண்ணை முகத்தில் ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் அது மங்கியது.

"தவில் இருக்குது, நாயனம் இருக்குது. தாளம் எங்கை?"

எழுந்து போய் டுவீட்டரில் காதை வைத்தார். கண்ணை மூடினார். மற்றப் பெட்டியிலும் வைத்தார்.

"செத்துப் போச்சு. ரெண்டும் செத்துப்போய்த்தான் வந்திருக்குது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மணிக்கூட்டுக்குப் பின்னால் பல்லி சொன்னது. பாக்கியம் அக்கா வழக்கம்போல் கதிரைக் கையில் விரலால் மூன்று தட்டுத் தட்டினார். யோகண்ணை அந்த விரலைப் பார்த்தார். "பாத்தியளோ? மெய்யெண்டு பல்லியும் சொல்லுது" என்றார் வெற்றியோடு.

எனக்கு அந்தக் கைத்தாளம் கேட்டது. ஜிங் ஜிங்கென்று, கோயில் வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்டது. ஆனால் துறைமுகமே மதித்த காது இல்லை என்று சொல்லும்போது, கல்விக் கந்தோரில் கடிதத்துக்கு முத்திரை குத்துகிற என் காது என்ன கண்டது? ஏதோ வேறு துவாரத்தால் வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடமும் அவர் கேட்டார்.

"உனக்குக் கேக்குதோ?"

"எனக்கு உதெல்லாம் விளங்காதப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போய்விட்டார்.

கடைக்குக் கடிதம் போனது. இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டுத் துறைமுகத்துக்கு உழைத்த காது இது, இதில் பிழை கண்டுபிடித்தால் இரண்டு பெட்டியையும் நானே கடலில் இறக்குகிறேன் என்று எழுதியிருந்தார். கடைக்காரர்கள் பயந்துபோய்ப் புது டுவீட்டர் இரண்டு அனுப்பினார்கள். அவையும் செத்துப்போய் வந்தன. இன்னும் இரண்டு அனுப்பினார்கள். அவற்றின் கதியும் அதுவே. இதற்கிடையில், எங்காவது கொஞ்சம் உயிர் கிடக்குமோ என்று அம்ப்ளிபயரில் மெல்லிய சத்தத்துக்கான குமிழை அந்தம்வரை திருகி வைத்திருந்தார். மூன்று மாதம் அந்தக் கூடத்தில் ஊசி மழை பெய்தது. நான் வேலிப்பக்க யன்னலைச் சாத்தினேன். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தார். தலையணையில் மிஞ்சிய பஞ்சுதான். கேட்டால், "சளிக்கு" என்றார்.

மூன்றாவது கடிதத்துக்குக் கடை பொருள் அனுப்பவில்லை, ஆள் அனுப்பியது. கீர்த்தனி என்று ஒரு பிள்ளை, முப்பது வயதிருக்கும், அந்தக் கடையின் தொழில்நுட்பவியலாளர். இரவு பஸ்சில் கொழும்பிலிருந்து வந்து, ஒரு மடிக்கணினியையும் விரல் நீளத்தில் ஒரு மைக்கையும் எடுத்து வைத்தார். பெட்டிகளைச் சுற்றி வந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"கடையில செய்தாலும் இப்பிடி வராது, அங்கிள்."

"அதை விடுங்கோ. உயிரில்லாததை அனுப்பினா உடம்பு நல்லாயிருந்து என்ன?"

மைக் கேட்டது, திரையில் ஒரு கோடு ஓடியது. கடைசி முனைவரை ஏறாமல் இறங்காமல் ஓடியது. டுவீட்டர் இரண்டும் வேலை செய்கின்றன என்று கீர்த்தனி பணிவாகச் சொன்னார்.

"அது உங்கட மெசின்ர கோடு. மெசினுக்கு நீங்கள் சொல்லிக் குடுத்ததைத்தானே அது கீறும்?"

கீர்த்தனிக்கும் சிக்கல்தான். மூன்றாவது தடவையும் மாற்றச் சொன்னால் முதலாளி அவரிடம்தான் பாய்வார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு வழி கண்டார். ஒற்றைச் சத்தம் ஒன்றைத் தடிப்பிலிருந்து மெலிவுக்குக் கொண்டுபோவாராம். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். எல்லோரும்.

யோகண்ணை, அக்கா, நான், மூன்று கையும் உயர்ந்தன. சத்தம் மாட்டுக் கத்தலில் தொடங்கி விசிலாகி, மேலே மேலே போனது. கைகள் இறங்கவில்லை. கீர்த்தனி ஒருவருக்கும் தெரியாமல் விசையை அமத்திச் சத்தத்தை நிறுத்தினார். எனக்கும் அக்காவுக்கும் கை இறங்கியது. யோகண்ணையின் கை அக்காவின் கையைப் பார்த்து இறங்கியது.

"இன்னொருக்கா, அங்கிள். இந்த முறை எல்லாரும் கண்ணை மூடுங்கோ."

நான் ஒழுங்காக மூடுகிறவன் இல்லை. அரைக்கண்ணால் பார்த்தேன். மாட்டுக் கத்தல், குழல், விசில். விசில் அப்போதுதான் கூர்மையாகத் தொடங்கியது. யோகண்ணையின் கை மெல்ல இறங்கி மடியில் படுத்தது. முகத்தில் ஒரு நிம்மதி, சத்தம் முடிந்துவிட்டதென்று. சத்தம் காதைக் குத்திக்கொண்டு நிற்கிறது, அவர் அமைதியில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பினால் அக்காவும் கண் மூடவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுத் தன் கையையும் இறக்கினார். நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வது? நானும் இறக்கினேன்.

யோகண்ணை கண்ணைத் திறந்து மூன்று மடிகளையும் பார்த்தார்.

"பாத்தியளோ பிள்ளை! மூண்டு பேருக்கும் ஒரே இடத்திலதான் நிண்டது. அதுக்கு அங்கால ஒண்டும் வரேல்லை. ரெண்டும் செத்ததுதான்!"

நல்லது செய்யப்போய் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கமாட்டார்கள். கீர்த்தனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமில்லை, கண் கலங்கியிருந்தது. "அன்ரி, உங்களுக்குமோ கேக்கேல்லை?" என்றார்.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"எனக்குக் கேட்டது, பிள்ளை. இப்பவும் கேக்குது. நிப்பாட்டுங்கோ."

கீர்த்தனி நிறுத்தினார்.

"எனக்கு முதல் நாளே தாளம் கேட்டது" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். "குக்கர் விசில் அடிக்கேக்கை நான் ஓடி வாறதும், ரெலிபோனை நான் எடுக்கிறதும், ராவில நுளம்பு அடிக்கிறதும் இண்டைக்கு நேற்றே? எட்டு ஒம்பது வருசம்."

யோகண்ணை திரும்பினார். என்னைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. "எனக்கும் கேட்டது, அண்ணை" என்றேன். சொல்லும்போது என்னை நானே வெறுத்தேன்.

கீர்த்தனி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்சுக்குப் போனார். போகும்போது, "தடிச்ச சத்தத்தில உங்கட காது என்ர மெசினைவிடத் திறம், அங்கிள். அதில பொய்யில்லை" என்றார். அது ஆறுதலா, அறிக்கையா தெரியவில்லை. யோகண்ணை தலையாட்டினார்.

நான் எழுந்து போகத் துணியவில்லை. பின்நேரம்வரை மூன்று பேரும் இருந்தோம். அந்த இரண்டு பெட்டிகளும் சம்பந்தம் பேச வந்து காரியம் முறிந்த ஆட்களைப் போல நின்றன. யோகண்ணை எழுந்து நாதஸ்வரத்தைப் போட்டார், கொஞ்ச நேரம் கேட்டார், நிறுத்தினார். திரும்பி வந்து இருந்தார்.

"என்ர காது போயிட்டுது" என்றார்.

மணிக்கூட்டுக்குப் பின்னால் பல்லி சொன்னது. எனக்குக் கேட்டது, தெளிவாகக் கேட்டது. அக்காவின் விரல் பழக்கத்தில் கதிரைக் கைக்கு மேல் எழும்பியது. எழும்பினது எழும்பினபடி நின்று, பிறகு மடிக்குத் திரும்பிப் போனது. யோகண்ணை அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லி சொன்னதோ?"

"இல்லையப்பா" என்றார் அக்கா.

யோகண்ணை என் பக்கம் திரும்பினார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நான் சொன்னது உண்மையில்லை" என்றார்.

எழுந்து போய் நாதஸ்வரத்தைத் திரும்பப் போட்டார். பிறகு அம்ப்ளிபயரின் அந்த மெல்லிய சத்தக் குமிழில் கையை வைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி, அவர் போதும் என்று சொல்லும்வரை குறைத்துக்கொண்டே வந்தார்.