ஆறு கிலோமீட்டர் நினைவு

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் ஆசை வந்தது. இந்த வயதில் சிலருக்கு ஆன்மிகம் வருகிறது. அதில் பெட்ரோல் செலவு இல்லை. துறைமுகத்தை ஒட்டிய அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருடம் கன்டெய்னர் காகிதங்களைப் புரட்டிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். கைக்கு வந்ததில் பாதியை இதற்குக் கொடுக்க மனைவி சம்மதித்தாள்.

"ஒரு தடவைதான். வாங்கினப்புறம் இன்ஜின் போச்சுன்னா, பஸ்ஸுதான். என்கிட்ட வந்து புலம்பக் கூடாது" என்றாள்.

கார் ராயபுரத்தில் இருந்தது. மஞ்சள் நிறம், பத்து வயது. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் போடும் வியாபாரி ஒருவர் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். குழந்தை பிறந்ததும் இரண்டு கதவு போதவில்லை என்று விற்கிறார். நியாயமான காரணம். நியாயமான காரணங்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

போவதற்கு முன் இரண்டு மாதம் படித்தேன். இப்போதைய இன்ஜின்களுக்குள் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் செருகினால் அது குறித்ததெல்லாம் நம் போனில் தெரியும். படித்ததில் பாதி புரிந்தது. எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

மனைவியும் வந்தாள். அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கார்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பொய் சொல்லும் ரிப்போர்ட்டுகளைப் பற்றி நிறையத் தெரியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுக் கருவியைச் செருகிவிட்டு, அதே தலையை எடுக்க முடியாமல் சிறிது நேரம் அங்கேயே இருந்தேன். வியாபாரி கண்ணியமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனில் வந்தது: பதிவான பிழைகள், பூஜ்யம். எனக்குக் கண் கலங்காத குறை. மனைவியிடம் நீட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இங்க ஆறுன்னு போட்டிருக்கே, என்னது?"

"பிழைகளை அழிச்சப்புறம் வண்டி ஓடின தூரம்" என்று அதே சந்தோஷக் குரலில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

பத்து வருடம் ஓடிய இன்ஜினுக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஞாபகத்தில் இருக்கிறது. கீழே இன்னும் மோசம். தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அதற்கு எட்டு சோதனைகள். ஐந்துக்கு நேரே 'இன்னும் முடியவில்லை'. பிழைகளை அழித்தால் இவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்ஜின் தண்ணீரின் சூடு, நான் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே எழுபத்தெட்டு டிகிரி. நாங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

"சாப்ட்டுட்டு வந்து வெறும் வயிறுன்னு சொல்ற கேஸு" என்றாள் மனைவி. தண்டையார்பேட்டையில் பிறந்தவள்; வியாபாரியைப் பார்த்ததும் குரல் ஊருக்குத் திரும்பியது. "இன்னா தம்பி, எப்போ அழிச்ச?"

அவர் மறைக்கவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

"காலீல தான்க்கா. மீட்டர்ல மஞ்ச லைட்டு ஒண்ணு எரிஞ்சிகினு இருந்துச்சு. தோஸ்து ஒருத்தன்கிட்ட மெஷின் கீது, அழிச்சிட்டான். வூட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா பெருக்கி வெக்க மாட்டோமா? வண்டியக்கூட தொடச்சி, ஒரு ரவுண்டு ஓட்டி ரெடியா வெச்சேன்."

காசிமேட்டில் மீனைக் கழுவாமல் ஏலத்துக்கு வைத்தால்தான் அவமானம். அவர் காரையும் அப்படித்தான் கழுவியிருக்கிறார், உள்நாக்கு வரைக்கும். எந்த லைட், எதற்காக எரிந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் அந்த இடத்திலேயே வாங்கிவிடலாமா, ஓடிவிடலாமா என்று இரண்டையும் ஒரே சமயத்தில் யோசித்தேன்.

மனைவி தீர்ப்புச் சொன்னாள். அவர் ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்ட வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு அன்று மட்டும், காலையில் நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது. அவர் தலையாட்டினார். அவளிடம் எல்லோரும் தலையாட்டுவார்கள். கையில் ஊசி இருக்கும் என்று ஒரு எண்ணம்.

அந்த ஒரு வாரம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்கூட விட்டுவிட்டு ஓடுவதுபோல் எனக்குக் கேட்டது. என்ன லைட்டாக இருக்கும் என்று தேடித் தேடிப் படித்தேன். எரிய நூற்றுக்கணக்கான காரணங்கள் இருந்தன. அத்தனையும் அந்த மஞ்சள் காரில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயம் தனி. அந்த வாரக் கடைசியில் என் சர்க்கரைப் பரிசோதனையும் வந்தது. வழக்கமாக மூன்று நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாகப் போவேன். இந்த முறை கவலையில் மைசூர்பாகு தின்றேன், பரிசோதனையைத் தள்ளிப் போட்டேன்.

ஞாயிறு காலை தண்ணீர் இருபத்தெட்டு, காற்றும் இருபத்தெட்டு. வண்டி உண்மையாகவே ஆறிப்போயிருந்தது. எட்டு சோதனைகளும் முடிந்திருந்தன. பிழை ஒன்று: மூன்றாவது சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை. மஞ்சள் லைட் எரிந்தது. வியாபாரி அதை அழிக்காமல் வைத்திருந்தார். மார்க் ஷீட்டை நீட்டிய பையன் மாதிரி நின்றார்.

இத்தனை நாள் படித்ததில் உருப்படியானது ஒன்று உண்டு. சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் 'காயில்' என்ற பாகம் கெட்டிருந்தால் மாற்றிப் போட்டால் போயிற்று. சிலிண்டரே கெட்டிருந்தால் என் பாதிப் பணமும் போயிற்று. எது என்று தெரிய, மூன்றாவது காயிலை முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை காயிலோடு இடம் மாறினால் நான் பிழைத்தேன்.

வியாபாரி ஐஸ் உடைக்கும் மெஷினைத் தானே பழுது பார்க்கிறவர், ஐந்து நிமிடத்தில் மாற்றினார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு எண்ணூர் பக்கம் போனோம். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை தவறியது என்று திரையில் நான்கு எண்கள். கன்டெய்னர் லாரிகளின் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேராக ஓடின. டோல்கேட் தாண்டியும் நான்கும் பூஜ்யம். ஒரு லாரியை முந்த அவர் மிதித்தார். வண்டி லேசாக உதறியது.

முதல் எண் இரண்டானது. ஐந்தானது. பதினொன்றானது. மூன்றாவது, பூஜ்யமாகவே நின்றது.

"இன்னா சார் ஆச்சு?"

"கெட்டுப்போனது காயில்தான்" என்றேன். ஒரு பழுதை நான் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் வீட்டில் விலை பேசி முடித்ததும் லட்டு கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன். அடுத்த நாள் புதுக் காயில் மாட்டி, வண்டியை நானே ஓட்டி வந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பரிசோதனைச் சீட்டு ஒன்றை டாஷ்போர்டின் மேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல எடுத்துடலாம். மூணு மாச சராசரி பாக்கறது. இதுக்கு நீங்க மூணு நாள் இனிப்பை நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் ஒண்ணுதான்."

முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அதை முந்தாமல், வீடு வரைக்கும் அதன் பின்னாலேயே ஓட்டினேன்.