டுசல்டோர்ஃப்ல யப்பான் பாஷை சோறு போட்ட காலம்

செப்புக் குழாய் சூடாக்கி ஒட்டுற மணம்... அதோட கருகிப்போன ஃபில்டர் கோப்பி மணம்.

ஜெர்மனியில, டுசல்டோர்ஃப்ல நான் முதன்முதல் வேலை செய்த ஒஃபீஸ் அப்பிடித்தான் மணக்கும். வீடுகளுக்கு ஹீட்டர் பூட்டி, திருத்திக் குடுக்கிற சின்னக் கொம்பனி. முதலாளி பெட்ரா. ரெண்டு மெக்கானிக். ரெலிபோனுக்கு நான். அங்க கோப்பி குடிக்காத ஒரே ஆளும் நான்தான்.

ஏன் எண்டு கேட்டால் "வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது" எண்டு சமாளிப்பன். உண்மை என்னெண்டால் நாங்கள் மோர்மன் சபைக் குடும்பம். எங்களுக்குக் கோப்பியும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை.

இன்னொண்டையும் மறைச்சு வைச்சிருந்தன்.

இருபது வயசில சபை என்னை மிஷனரியா யப்பானுக்கு அனுப்பினது. பதினெட்டு மாசம். இன்னொரு பொம்பிளைப் பிள்ளையோட சைக்கிள்ல போய், கதவு கதவாத் தட்டி, கடவுளைப் பற்றிக் கதைக்கிற வேலை. பாஷை நல்லா வந்திட்டுது. ஆனா என்ர கதையைக் கேட்டு ஒருத்தரும் சபையில சேரேல்லை. ஒருத்தர் கூட...

திரும்பி வந்தாப் பிறகு சொந்தக்காரர் கேப்பினம், "கலியாணம் கட்டுற வயசில அங்க போய் என்னத்தைக் கண்டனீ?" எண்டு. வேலைக்கு எழுதிக் குடுக்கேக்க கூட 'வெளிநாட்டில இருந்தனான்' எண்டு ஒரு வரியோட விட்டிட்டன்.

ஒரு தை மாசம், பெட்ரா ஒரு கடிதத்தோட வந்து நிண்டா. ரைன் ஆத்துக்கு அங்கால இருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம்தான் எங்கட முக்கியமான வேலை. அங்க கனக்க யப்பான் குடும்பங்கள், யப்பான் கொம்பனிகளின்ர வேலைக்கு வந்தவை. ஹீட்டர் செக் பண்ணப் போனால் அவை கதவு திறக்கிறேல்லை. இன்ன நாள், இன்ன நேரம் வருவம் எண்டு மூண்டு டெர்மின் குடுத்தும் வீண். இந்த முறையும் சரிவராட்டில் வேற கொம்பனியைப் பிடிப்பம் எண்டு கட்டட நிர்வாகம் எழுதியிருந்தது.

அந்த வேலை போனால் ஒரு மெக்கானிக்கும் போகவேணும். அது உவே எண்டவர்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். வயசு போன மனுசன், முழங்கால் வருத்தம். அவர் தன்ர கப்பைக் கழுவினார். கழுவின கப்பைத் திரும்பவும் கழுவினார்...

எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு.

"எனக்கு யப்பான் பாஷை தெரியும்."

பெட்ரா திரும்பிப் பாத்தா. "உனக்கோ? எங்க படிச்சனீ?"

"மோர்மன் மிஷன்ல."

"கதவு தட்டுற ஆக்களோ?" எண்டார் உவே. "ஐயோ, நான் ஒருக்கா அவைக்கு முகத்தில அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்தினனான்."

"பரவாயில்லை, எனக்குப் பழக்கம்" எண்டன்.

முதல்ல சிரிச்சது பெட்ராதான்.

அண்டைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கையால யப்பான் எழுத்தில துண்டு எழுதினன். ஆர் வருவினம், என்ன செய்வினம், எத்தினை நிமிசம் எடுக்கும், சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வருவினம்... எல்லாம். கடைசி வரியைக் கேட்டு உவே முகத்தைச் சுழிச்சார்.

அடுத்த கிழமை உவேயோட நானும் போனன். முதல் கதவு. மிஷன்ல பழகின மாதிரி பெல்லை அடிச்சிட்டு ரெண்டடி பின்னால வந்து நிண்டன். அதே பழைய பயம்.

சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு இளம் தாய். "தொந்தரவுக்கு மன்னிக்கவேணும்" எண்டு நான் அவவின்ர பாஷையில தொடங்கினதும் வாயில கை வைச்சிட்டா. பிறகு சங்கிலியைக் கழட்டினா.

மனுசன் வேலைக்குப் போனால் அவ தனிய. ஜெர்மன் தெரியாது. பெல் அடிச்சால் பயத்தில அசையாமல் நிப்பாவாம். பிள்ளையின்ர அறை ஹீட்டர் குளிர் தொடங்கினதில இருந்தே வேலை செய்யேல்லை. ஆருக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல், பிள்ளையை ஜாக்கெட்டோட படுக்க வைச்சிருக்கிறா.

நான் அதை உவேக்கு ஜெர்மன்ல சொன்னன். உவே சப்பாத்தைக் கழட்டினார். ஒரு சொக்ஸ்ல பெருவிரல் வெளிய தெரிஞ்சது. அந்த முழங்காலோட நிலத்தில இருந்து வேலை பாத்தார்.

கொஞ்ச நேரத்தில ஹீட்டர் சூடாச்சு. அந்தத் தாய் அதில கையை வைச்சபடி நிண்டா. எனக்கெண்டால் கண் கலங்கிப்போச்சு. பதினெட்டு மாசம் அந்தப் பாஷையில எவ்வளவோ சொன்னனான்... அண்டைக்குத்தான் அது ஒரு வீட்டுக்கு உதவினது.

அவவே பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் மெசேஜ் போட்டா. ரெண்டு நாள்ல எல்லாக் கதவும் திறந்திட்டுது. வேலை எங்களிட்டயே நிண்டது. பிறகு மற்றக் கட்டடங்களில இருந்தும் யப்பான் ஆக்கள் என்னைக் கேட்டு ரெலிபோன் எடுக்கத் தொடங்கிச்சினம். பெட்ரா வாசல்ல யப்பான் எழுத்தில ஒரு போர்டே போட்டா. உவே பென்சன் எடுக்குமட்டும் எங்களோடதான் இருந்தார்.

இப்ப அந்தக் கொம்பனி இல்லை. பெட்ரா ஒரு பெரிய நிறுவனத்துக்கு வித்திட்டா. நானும் வேற வேலை.

போன கிழமை எங்கட வீட்டுக்கு டிஷ்வாஷர் திருத்த ஒரு தம்பி வந்தவர். இந்த நாட்டுக்குப் புதுசு போல. போன்ல ஏதோ எழுதிப்போட்டு என்ர பக்கம் நீட்டினார், அது ஜெர்மன்ல கேட்டது. நான் சொன்னன், அது அவருக்கு அவற்ற பாஷையில மாத்திச் சொன்னது. கால் மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது. நல்ல வேலை, ஒரு பிழையும் சொல்லேலாது.

அவர் போனாப் பிறகுதான் யோசிச்சன்... அந்தத் தம்பியின்ர குரலை நான் கேக்கவேயில்லை. எந்த ஊர் எண்டாவது கேட்டிருக்கலாம்.