ஜெயந்தினியின் காணாமற்போன வரி

வட்டகொடையில் ஜெயந்தினி கணினியைத் தொட்டால், தேயிலைச் செடியே எழுந்து நின்று தன் கொழுந்தின் நிறையைச் சொல்லும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், செடி எழுந்திருக்காது. ஆனால் கொழுந்து நிறையைப் பதியும் மென்பொருளை எழுதியவள் அவளேதான்.

அட்டனில் உள்ள சின்னக் கம்பெனி ஒன்றுக்காக, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், தன் காம்பரா அறையில் ஒரு பழைய கணினியை வைத்து எழுதினாள். திங்கட்கிழமை முதலாளி வந்து ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் கொழும்பில் ஏதாவது துணிக்கடைதான்.

மென்பொருள் தொடங்கியதும், தரவெல்லாம் எங்கே இருக்கிறது என்று கணினியைக் கேட்கும். அந்த முகவரியை ஒரே வரியாகக் கணினியின் 'சூழல்' என்ற இடத்தில் பதிந்து வைக்க வேண்டும். ஜெயந்தினி காலையில் பதிவாள். சாயங்காலம் பார்த்தால் இருக்காது.

அவளுக்குச் சிவகரன் மேல்தான் சந்தேகம். கணினியை அமைத்துக் கொடுத்தவன் அவன். அட்டனில் இருந்தபடியே இணையம் வழியாக உள்ளே நுழையத் தெரிந்தவன். இதே வேலைக்கு அவன் தம்பி கேட்டும் கிடைக்கவில்லை. போனில் விசாரித்தபோது, தன் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே என்றான். அந்தப் பதிலிலேயே கள்ளம் தெரிந்தது அவளுக்கு.

கடவுச்சொல்லை மாற்றினாள். சனிக்கிழமையும் வரி காணோம். அப்படியென்றால் வீட்டுக்குள் யாரோ? ஞாயிறன்று தேநீருக்குக்கூட எழும்பாமல் கணினிக்குக் காவல் இருந்தாள். மூன்று மணிக்கு இடி உருண்டது. மாமியார் ராக்காயி போய் மெயின் சுவிட்சை இறக்கினாள், கணினியும் அணைந்தது. லயம் முழுக்க அப்படித்தான் இறக்கினார்கள். மழை விட்டுக் கணினியைப் போட்டால், வரி இல்லை. கிட்டே ஒருவரும் வரவில்லை.

"அத்தே, தெனமும் இப்பிடித்தான் அடைக்கிறீங்களா?"

"பின்ன? வீடு பத்திக்கிறதுக்கா? நீ பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனாலும் நான் அடைச்சிருவேன்."

அப்போதுதான் உறைத்தது. அவள் தட்டிய வரி, திரையில் அதைத் தட்டிய ஜன்னல் திறந்திருக்கும் வரைக்கும்தான் உயிரோடிருக்கும்; கணினி அணைந்தால் அதுவும் போய்விடும். சிவகரனின் கணினி அணைவதே இல்லை. அதனால் அவனுக்கு ஓடியது. கணினி எழும்பும்போதெல்லாம் படிக்கும் கோப்பில் அதை எழுதிவைத்தாள். திங்கட்கிழமை மென்பொருள் ஓடியது, வேலையும் உறுதியானது. உடனே சிவகரனுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

நான் கதையை இந்த இடம்வரை சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிவகரன் குறுக்கிட்டான்.

"மன்னிப்பா? இடிக்கு மெயின அடைக்கிற ஊருன்னு தெரிஞ்சும் ஏன் மொதல்லயே சொல்லித் தரலன்னு, அர மணித்தியாலம் என்னத்தாங்க ஏசினா."